சின்னப் பூச்சியும் பெரிய மரமும்
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவிலே பேச வருகிறவர்கள் பெரிய மனிதர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். நாடாண்டவர்கள், போரில் வென்றவர்கள், கோடி சேர்த்தவர்கள் ஆகியோரின் கதைகளைச் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். நான் இன்று ஒரு பூச்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுவும் வண்ணத்துப்பூச்சி, பொன்வண்டு மாதிரி பார்த்தவுடனே மனத்தைக் கவர்கிற பூச்சி இல்லை. பெரும்பாலும் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். பென்சிலால் ஒரு சின்னக் கோடு கிழித்தால் அதுதான் அதன் உடம்பு. அந்தப் பூச்சிக்காகத் தம் வாழ்நாளையே கொடுத்த ஒரு பேராசிரியரைப் பற்றியும், அந்தப் பூச்சிக்கும் நம்முடைய தோட்டங்களுக்கும் உள்ள உறவைப் பற்றியும் சொல்லப்போகிறேன்.

ஏன் இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பிள்ளை ஒரு பூச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறது. "அம்மா, இது என்னம்மா?" என்று கேட்கிறது. நாம் என்ன சொல்கிறோம்? "சீ! கீழே போடு! கையைக் கழுவு!" அவ்வளவுதான். கேள்வி அங்கேயே செத்துப்போகிறது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை, "நான் பூச்சியைப் பற்றிப் படிக்கப்போகிறேன்" என்று சொன்னால் அப்பா சிரிக்கிறார். "டாக்டருக்குப் படி, லாயருக்குப் படி, இஞ்சினியருக்குப் படி. பூச்சி பிடிக்கிறவனுக்கு எவன்டா சம்பளம் கொடுப்பான்?" என்கிறார்.

நியாயமான கேள்விதான். கஷ்டப்பட்டுப் படிக்கவைக்கிற தகப்பன் கேட்கத்தான் செய்வார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

சென்னையிலே லயோலா கல்லூரி என்று ஒரு பெரிய கல்லூரி. அங்கே விலங்கியல் பேராசிரியராக இருந்தவர் டி. என். அனந்தகிருஷ்ணன். 1925-இல் பிறந்தவர், 2015-இல் தம் எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். விலங்கியல் என்றால் நாம் உடனே யானையை நினைப்போம், புலியை நினைப்போம். அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டது இலைப்பேன். ஆங்கிலத்திலே 'திரிப்ஸ்' என்பார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர் அதை ஆராய்ந்தார். உலகத்தில் எந்த நாட்டில் இலைப்பேனைப் பற்றிப் பேசினாலும் அவர் பெயரைச் சொல்லாமல் பேச முடியாது என்ற நிலை வந்தது.

இலைப்பேன் உங்களுக்குத் தெரியாத பூச்சி அல்ல. வீட்டுக்குப் பின்னால் மிளகாய்ச் செடி வைத்திருக்கிற தாய்மார்களைக் கேட்கிறேன். செடி நன்றாக வளர்ந்துகொண்டே வரும். திடீரென்று கொழுந்து இலையெல்லாம் மேல்நோக்கி மடங்கி, படகு மாதிரி சுருண்டுபோகும். பூ உதிரும், காய் பிடிக்காது. "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்று சொல்கிறவர்களும் உண்டு. கண் வைத்தவர் பெரும்பாலும் இந்த இலைப்பேன்தான். இலையைக் கீறி, அதில் கசியும் சாற்றைக் குடித்துவிடுகிறது.

இந்தப் பூச்சியின் உடலமைப்பு விசித்திரமானது. மற்றப் பூச்சிகளுக்கு வாயின் இரு பக்கமும் தாடை உண்டு. இதற்கு இடப்பக்கத் தாடை ஒன்றுதான் வளர்ந்திருக்கும், வலப்பக்கத்தில் இல்லை. சிறகோ மெல்லிய குச்சி போல இருக்கும். அதன் ஓரம் முழுவதும் மயிர் வரிசை, சாமரம் மாதிரி. இத்தனை சின்ன உடம்பு காற்றிலே மிதப்பதற்கு அந்த மயிர் வரிசை உதவுகிறது.

தமிழ்நாட்டில் இதை ஆராய்ந்த முதல் மனிதர் அனந்தகிருஷ்ணன் அல்லர். அவருக்கு முன்பே கோயம்புத்தூரில் டி. வி. இராமகிருஷ்ண ஐயர் என்ற பூச்சியியல் அறிஞர் இருந்தார். தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றி 1940-இல் அவர் வெளியிட்ட கையேடு பலருக்கு வழிகாட்டியாக இருந்தது. இந்திய இலைப்பேன்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அறிவு என்பது ஒருவர் தலையில் திடீரென்று முளைப்பதில்லை. ஒருவர் நட்டு வைத்ததற்கு இன்னொருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும். அனந்தகிருஷ்ணன் அந்த வேலையைச் செய்தார். அவருடைய 'இந்திய இலைப்பேன்கள்' என்ற ஆங்கில நூல் 1969-இல் வெளிவந்தது. 1984-இல் இலைப்பேனின் வாழ்க்கை முறை பற்றி இன்னொரு நூல் வந்தது. லயோலா கல்லூரியிலேயே பூச்சியியல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1970களின் பிற்பகுதியில் இந்திய விலங்கியல் அளவை நிறுவனத்தின் இயக்குநர் பதவி அவரைத் தேடி வந்தது. 1916-இல் தொடங்கி, கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் அது. இந்தியாவில் உள்ள விலங்கினங்கள் அனைத்தையும் கணக்கெடுத்துப் பெயர் எழுதி வைப்பது அதன் பொறுப்பு. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குத் தலைவராக வந்து அமர்ந்தவர், மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிற பூச்சியைப் படித்த மனிதர்! "எவன்டா சம்பளம் கொடுப்பான்?" என்று கேட்ட அப்பா இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவர் கவனித்த செய்திகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சில இலைப்பேன் வகைகளில் ஆண் பூச்சிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஓர் ஆண் பயில்வான் மாதிரி இருக்கும். முன்னங்கால்கள் தடித்து, உடம்பு பெருத்திருக்கும். இன்னோர் ஆண் மெலிந்து, பெண் பூச்சி மாதிரியே இருக்கும். சும்மா பார்த்தால் இரண்டும் வெவ்வேறு சாதிப் பூச்சி என்றுதான் சொல்வோம். வெறும் தோற்றத்தை வைத்து அப்படி வேறு வேறு பெயர் சூட்டியதும் உண்டு. பொறுமையாக வளர்த்து, முட்டையிலிருந்து முதிர்ச்சி வரைக்கும் பார்த்தால்தான் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கலாம் என்று தெரியும். ஆசிரியப் பெருமக்களே, வகுப்பிலே நமக்கும் இது பாடம் அல்லவா? ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று வாட்டசாட்டமாக முன் வரிசையில் நிற்கும். ஒன்று மெலிந்து பின் வரிசையில் பதுங்கும். தோற்றத்தைப் பார்த்து முடிவு கட்டுகிறவர் விஞ்ஞானியும் ஆக மாட்டார், நல்ல ஆசிரியரும் ஆக மாட்டார்.

இன்னொரு செய்தி. உலகத்திலே இதுவரை ஏறத்தாழ ஆறாயிரம் வகை இலைப்பேன்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பயிருக்குப் பெரிய கேடு செய்பவை எத்தனை? நூற்றுக்கு ஒன்று கூட இல்லை என்று கணக்குச் சொல்கிறது. மற்றவை என்ன செய்கின்றன? ஏறத்தாழ பாதி வகைகள், காய்ந்த இலைக் குப்பையிலும் பட்டுப்போன கிளையிலும் பூசணத்தைத் தின்று வாழ்கின்றன. சில வகைகள் செடியைக் கெடுக்கிற சிலந்திப்பேன்களைப் பிடித்துத் தின்கின்றன. பிஜித் தீவில் நம் கரும்புத் தோட்ட மக்கள் வாழ்கிறார்களே, அங்கே ஒரு களைச்செடி நிலத்தையெல்லாம் அடைத்துக்கொண்டபோது, அதைத் தின்னும் இலைப்பேனை 1930-இல் டிரினிடாட்டிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். களை அடங்கியது. ஒன்று செய்த குற்றத்துக்கு ஊரையே திட்டுவது போல, நாம் ஒரு மிளகாய்ச் செடியைப் பார்த்துவிட்டு ஆறாயிரம் வகையையும் பகைவர் என்று எண்ணிவிடுகிறோம்.

இப்போது கடலைத் தாண்டி நம் நாட்டுக்கு வருவோம். நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பாசோ காடு என்று ஒன்று இருக்கிறது. அங்கே மெராந்தி மரங்கள் நாற்பது, ஐம்பது மீட்டர் உயரத்துக்கு வளர்கின்றன. நம் கொம்தார் கட்டடத்தோடு ஒப்பிட்டால் குட்டைதான். ஆனால் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். இந்த மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, பிறகு திடீரென்று காடு முழுவதும் சேர்ந்து பூக்கும். இந்தப் பெரிய மரத்தின் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோகிறது யார்? தேனீயா, வௌவாலா, காற்றா? நெடுநாள் சரியான பதில் இல்லை.

1970களில் எஸ். அப்பண்ணா, எச். டி. சான் என்ற இரண்டு மலேசிய ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். மெராந்திப் பூ மாலையில்தான் விரியும். பகலில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. இரவும் பகலும் கவனித்து அவர்கள் கண்ட விடை என்ன தெரியுமா? இலைப்பேன்!

எப்படி என்று சொல்கிறேன், பிள்ளைகளே, கேளுங்கள். மொட்டுக்குள்ளேயே இலைப்பேன்கள் முட்டையிட்டுப் பெருகுகின்றன. ஒரு தலைமுறைக்கு எட்டு நாள் அளவுதான் ஆகிறது. அதனால் மரம் பூக்கத் தொடங்கிய சில வாரங்களில் இலட்சக் கணக்கில் பெருகிவிடும். மாலையில் பூ விரிகிறது. இலைப்பேன்கள் உள்ளே புகுந்து மகரந்தத்தைத் தின்கின்றன, உடம்பிலும் பூசிக்கொள்கின்றன. காலையில் பூவின் இதழ்கள் கழன்று சுழன்று சுழன்று தரையில் விழுகின்றன. இதழோடு இலைப்பேனும் இறங்கி வருகிறது, குடைக்குள் உட்கார்ந்துகொண்டு வருவது போல! மறுபடி மாலை நேரம் வந்ததும் தரையிலிருந்து எழும்பி, காற்றில் மிதந்து, உச்சியில் புதிதாக விரிந்த பூக்களுக்குப் போய்ச் சேர்கிறது. போகும்போது மகரந்தமும் போகிறது. ஆறு வகை மெராந்திகள் ஒரே நாளில் பூத்துப் போட்டி போடாமல், ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்து இந்தச் சின்ன வேலையாளைப் பங்கு போட்டுக்கொள்வதையும் கண்டறிந்தார்கள். 1980, 1981 ஆண்டுகளில் இந்த ஆய்வுகள் நம் நாட்டு வன இதழிலேயே வெளிவந்தன. சரவாக்கில் லம்பிர் காட்டில் பின்னாளில் ஆராய்ந்தபோது, அங்கே சில மெராந்தி வகைகளுக்கு வண்டுகள் அந்த வேலையைச் செய்வதாகத் தெரிய வந்தது. இடத்துக்கு இடம் வேலைக்காரன் மாறலாம். ஆனால் பெரிய மரம் சின்னப் பூச்சியின் தயவில் நிற்கிறது என்ற உண்மை மாறவில்லை.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று சும்மாவா சொன்னார்கள் நம் முன்னோர்?

சென்னையில் அனந்தகிருஷ்ணனும், பூக்களுக்கு இலைப்பேன் செய்யும் இந்த உதவியைப் பற்றி 1993-இல் ஓர் அறிவியல் இதழில் எழுதினார். கேடு செய்யும் பூச்சி என்று தொடங்கிய படிப்பு, காட்டையே காக்கும் பூச்சி என்ற இடத்தில் வந்து நின்றது.

இதிலே காட்டுப் பாதுகாப்பு எங்கே வருகிறது? மெராந்தி பூக்காத ஆண்டுகளில் அந்த இலைப்பேன்கள் எங்கே பிழைத்திருக்கும்? வேறு சிறு செடி கொடிகளின் பூக்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலம் தள்ளுகின்றன என்று கருதுகிறார்கள். அப்படியானால், "பெரிய மரத்தை விட்டுவிட்டோம், கீழே இருக்கிற புதரைத்தானே வெட்டினோம்" என்று சொல்ல முடியுமா? புதரை அழித்தால் பூச்சிக்கு இடமில்லை. பூச்சி இல்லாவிட்டால் விதை இல்லை. விதை இல்லாவிட்டால் நிற்கிற மரம்தான் கடைசி மரம். காட்டைக் காப்பது என்றால் மரத்தை எண்ணுவது மட்டும் இல்லை என்பதை இப்படிப் பூச்சியைப் படித்தவர்கள்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

தோட்டத் தொழிலாளத் தோழர்களே! இனி உங்கள் கதைக்கு வருகிறேன். உங்களில் பலர் இன்னும் தோட்டத்திலே இருக்கிறீர்கள். பலர் தோட்டத்தை விட்டுப் பட்டர்வொர்த், பிறை, பாயான் லெப்பாஸ் என்று வந்துவிட்டீர்கள். ஆனால் தோட்டத்தை மறந்தவர் யாரும் இருக்க மாட்டீர்கள்.

செம்பனை நம் நாட்டு மரம் அல்ல; மேற்கு ஆப்பிரிக்கா அதன் தாயகம். வாணிகப் பயிராக 1917-இல் சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் நட்டார்கள். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரைக் கேளுங்கள், தமிழ் மணக்கிறது! மரம் வந்துவிட்டது, ஆனால் அதற்குத் துணையாக ஆப்பிரிக்காவில் இருந்த பூச்சி வரவில்லை. அதனால் இளஞ்செம்பனைகளில் காய் சரியாகப் பிடிக்கவில்லை. காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று பலரும் நம்பியிருந்தார்கள். காற்று போதாது என்று ஆட்களை வைத்தார்கள். ஆண் பூவிலிருந்து மகரந்தம் எடுத்து, டால்கம் பவுடரோடு கலந்து, ஊதுகுழாயில் வைத்துப் பெண் பூவிலே ஊதுகிற வேலை. மரம் மரமாகப் போய், முள்ளுக்கும் மட்டைக்கும் நடுவிலே கையை விட்டு ஊத வேண்டும். அந்த வேலையைச் செய்த அம்மாமார்கள், பாட்டிமார்கள் பல குடும்பங்களில் இன்றும் இருக்கலாம். வீட்டுக்குப் போனதும் பேரப்பிள்ளைகள் கேட்டுப் பாருங்கள்.

ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் ஆய்வாளர் இந்தச் சிக்கலை ஆராய வந்தார். மேற்கு மலேசியாவில் செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் காற்று அல்ல, ஒரு சின்னப் பூச்சிதான் என்று கண்டார். எந்தப் பூச்சி? அங்கேயும் நம்ம இலைப்பேன்தான்! ஆனால் அதனால் எல்லா இடத்துக்கும் ஈடு கொடுக்க முடியவில்லை. ஆகவே 1970களின் கடைசியில் அவர் ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டுக்குப் போனார். அங்கே செம்பனையின் ஆண் பூவில் கூன்வண்டுகள் மொய்ப்பதைக் கண்டார். ஆண் பூவில் முட்டையிட்டு, அதிலேயே வளர்ந்து, அதையே தின்று வாழும் வண்டு. பெண் பூவில் அதற்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் பெண் பூவும் ஆண் பூவைப் போலவே சோம்பு வாசனை வீசும். வாசனையை நம்பி வண்டு போய் ஏமாந்து திரும்பும். மகரந்தத்தை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பும். செம்பனைப் பூவின் அந்தச் சோம்பு வாசனை, வெளிக்காட்டில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

வண்டைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடவில்லை. மற்றப் பயிர்களைத் தின்னுமா, புது நோய் எதையாவது கொண்டுவருமா என்று சோதித்துச் சோதித்துப் பார்த்தார்கள். நாட்டுக்குள் கொண்டுவந்த பிறகும் தனியாக அடைத்து வைத்து ஆராய்ந்தார்கள். பிறகுதான் 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத்தில் வெளியே விட்டார்கள். சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. மகரந்தம் ஊதுகிற வேலையே தேவையில்லாமல் போயிற்று. இன்று மலேசியாவில் செம்பனைக் குலை ஒவ்வொன்றிலும் அந்த வண்டின் உழைப்பு இருக்கிறது.

இந்த இடத்திலே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். தோட்டங்களுக்குச் செலவு மிச்சமாயிற்று. அந்த மிச்சத்தில் தொழிலாளி கைக்கு எவ்வளவு வந்தது என்பது வேறு மேடையில் பேச வேண்டிய பேச்சு. இந்த மேடையில் நான் சொல்ல விரும்புவது இதுதான். அந்தப் பூவை நாள்தோறும் தொட்டுப் பார்த்தவர்கள் நம் மக்கள். அதில் ஊர்ந்த இலைப்பேன் நம் மக்கள் கையில்தான் முதலில் ஊர்ந்தது. ஆனால் "இது என்ன? ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டு, எழுதி, பேர் வாங்கியவர்கள் வேறு இடத்திலிருந்து வந்தவர்கள். கண் நம்மிடம் இருந்தது. நோட்டுப் புத்தகம் இல்லை. அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுப்பதற்குத்தான் இந்தப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

பூச்சியைத் தெரிந்துகொள்ளாமல் மருந்தடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் தோட்டங்களே சாட்சி. உலாட் புங்குஸ் என்கிறோமே, இலைத்துண்டுகளால் ஒரு பையைக் கட்டி அதற்குள்ளே இருந்துகொண்டு செம்பனை ஓலையைத் தின்கிற புழு, அது ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளிலும் பல தோட்டங்களில் பெருவாரியாகப் பெருகியது. பிரையன் வூட் என்ற ஆய்வாளர் காரணத்தைத் தேடினார். நெடுநாள் நஞ்சு தங்குகிற மருந்துகளை அடித்திருந்தார்கள். புழு பைக்குள்ளே பத்திரமாக இருந்துகொண்டது. அந்தப் புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதை அழிக்கிற சிறு குளவிகள்தான் செத்துப்போயின. காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடன் பெருகிவிட்டான் என்று புலம்பிய கதை! அந்த மருந்தை நிறுத்தியபோது குளவிகள் திரும்பி வந்தன, புழு அடங்கியது. 1968-இல் அவர் இதையெல்லாம் நூலாகவே எழுதினார். இன்று செம்பனைத் தோட்டச் சாலை ஓரங்களில் மஞ்சள் கசியாவும் டர்னெராவும் நட்டிருக்கிறார்களே, துரை வீட்டு அழகுக்காகவா? இல்லை. அந்தக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்றுதான். அந்தப் பூச்செடியை வேண்டாத செடி என்று வெட்டிவிடாதீர்கள். வெட்டச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள்.

மருந்து பூச்சியை மட்டும் கொல்வதில்லை, அடிக்கிறவரையும் தொடுகிறது. தோளில் தொட்டியைச் சுமந்து, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மருந்தடித்த பெண்கள் நம் வீட்டுப் பெண்கள். இதற்காகக் குரல் எழுப்பியதில் நம் பினாங்குக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நம் ஊர்ச் சங்கம். எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்கள் 2019-இல் மறையும் வரை அதன் தலைவராக இருந்து உழைத்தார்கள். பூச்சிக்கொல்லிகளின் தீமையை எதிர்த்து உலக நாடுகளின் அமைப்புகள் ஒன்றுகூடி 1982-இல் ஒரு கூட்டமைப்பை உருவாக்கியதும் இந்தப் பினாங்கில்தான். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு முதல் தடை வந்துவிட்டது. பல ஆண்டுகள் பலர் போராடிய பிறகு வந்த தடை அது.

அனந்தகிருஷ்ணன் தோற்றுவித்த சென்னை ஆய்வு நிறுவனத்தில் பின்னாளில் வந்தவர்கள் வேப்ப எண்ணெயையும் புங்க எண்ணெயையும் சேர்த்துப் பயிர்ப் பாதுகாப்புக்கு 'பொன்நீம்' என்ற கலவையை உருவாக்கினார்கள். நம் பாட்டி வேப்பிலையை அரிசிப் பானையில் போட்டு வைத்தாள். அதற்குள் இருந்த அறிவை ஆய்வுக்கூடம் எடுத்துப் பார்த்தது. பாட்டி சொன்னதெல்லாம் சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டும். அதுதான் படிப்பு.

மாணவச் செல்வங்களே, இப்போது உங்களுக்கு. 1816-இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. இந்த நாட்டில் தமிழ்க் கல்விக்கு அதுவே தொடக்கம் என்று நாம் கொண்டாடுகிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தத் தீவிலே இன்னும் காடு இருக்கிறது. கொடிமலையையும் அதைச் சூழ்ந்த காடுகளையும் 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. தண்ணீர்மலை முருகனைக் கும்பிடப் போகிறோமே, அதற்குப் பக்கத்திலேயே 1884-இல் தொடங்கிய தாவரத் தோட்டம் இருக்கிறது. தெலுக் பகாங்கில் 1986-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பண்ணை இன்று 'என்டோபியா' என்ற பெயரில் நடக்கிறது. ஊரிலேயே இத்தனை வகுப்பறைகள் இருக்கின்றன. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறோம், சாப்பிடுகிறோம், திரும்பி வருகிறோம். ஒரு நாள் கையிலே பூதக்கண்ணாடியோடு போய்ப் பாருங்கள்.

அதற்குக் கூடப் போக வேண்டாம். ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் பூத்த ஒரு பூவை அதன்மேல் பிடித்து மெதுவாகத் தட்டுங்கள். கறுப்பாகவோ மஞ்சளாகவோ சின்னச் சின்னக் கோடுகள் விழுந்து ஓடினால், அது இலைப்பேன். பெரிய ஆய்வாளர்களும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். எந்தப் பூவில், எந்தத் தேதியில், எத்தனை பூச்சி என்று எழுதி வையுங்கள். ஓர் ஆண்டு எழுதுங்கள். மழை பெய்த மாதம் எத்தனை, வெயில் காய்ந்த மாதம் எத்தனை என்று பாருங்கள். உங்கள் ஊரில் உங்கள் பூச்செடியைப் பற்றி அந்தக் கணக்கு வேறு யாரிடமும் இருக்காது. நீங்களே அதில் முதல் ஆள்.

பெற்றோர்களே, பிள்ளை கேட்கிற கேள்விக்கெல்லாம் உங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "தெரியலையே அய்யா, வா, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொன்னால் போதும். கொட்டுகிற பூச்சி எது, கடிக்கிற பூச்சி எது என்று எச்சரிக்கையும் சொல்லுங்கள். தேங்கிய தண்ணீரைக் கொட்டி ஏடிஸ் கொசுவை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் கொசு மீது உள்ள கோபத்தைப் பூச்சி இனம் முழுவதன் மேலும் காட்டாதீர்கள். மகள் பூச்சியைப் படிக்க வேண்டும் என்று சொன்னால், "பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று கேட்காதீர்கள். பல்கலைக்கழகம் இருக்கிறது, வன ஆய்வு நிறுவனம் இருக்கிறது, செம்பனை ஆய்வு இருக்கிறது, கொசு ஒழிப்பு ஆய்வு இருக்கிறது. சம்பளம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்கிற ஆள்தான் குறைவு.

இன்று மேடைக்கு வந்து கோப்பை வாங்குகிற பிள்ளைகளை வாழ்த்துகிறேன். கோப்பை வாங்காத பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மெராந்தி மரத்தை எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதன் விதைக்குக் காரணமான இலைப்பேனை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் மாலை வந்தால் அது தன் வேலையைச் செய்யப் புறப்பட்டுவிடுகிறது. நீங்களும் உங்கள் வேலையைச் செய்யுங்கள். பார்க்கிற கண் ஒரு நாள் வரும்.